பாக்யலட்சுமி கை உயர்த்தியிருக்கிறார்

“டீச்சர், வீடியோ கிளாஸ்ல எம் பேருதான் வருது. அம்பிகா பேரை எப்டி போடறதுன்னு தெரில. இன்னா பண்றது?”

“விடுங்க பாக்யா. உங்க பேரைப் பார்த்தா அம்பிகா வந்துட்டான்னு நான் எடுத்துக்கறேன்.”

“அப்ப நானும் பத்தாவது படிக்கறேன்னு சொல்லுங்க! எட்டாவதோட நின்னவளுக்கு டபுள் பிரமோஷன்!”

பள்ளி வாசலில் நின்று இருவரும் சிரித்தோம். 2021, ஜூலை முதல் வாரம். பாக்யலட்சுமி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்த்தார். கணவர் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் அம்பிகா. “இவளாவது மெஷின்ல உக்காரக் கூடாது டீச்சர்” என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்த கம்பெனி வேனை நோக்கி ஓடினார்.

இதை நீங்கள் நம்பாமல் போகலாம். என் கணவரே நம்பவில்லை. ஆனால் தேதிகள் எல்லாம் வருகைப் பதிவேட்டில், என் கையெழுத்தில் இருக்கின்றன. என்னால் அவற்றை அழிக்க முடியாது.

கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. வீடியோ வகுப்புதான். எங்கள் பக்கத்தில் பகலில் அதை நடத்த வழியில்லை. வீட்டில் இருக்கும் ஒரே ஃபோன் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடும். ஷிப்ட் முடிந்து ஃபோன் வீடு வந்து சேர வேண்டும். அதனால் என் கணக்கு வகுப்பு மாலை 6:45-க்கு. பதினெட்டுப் பிள்ளைகள். குக்கர் விசில், தம்பியின் அழுகை, மாணவன் தன்சீல் வீட்டுச் சேவல் எல்லாம் வகுப்பில் இருக்கும். அம்பிகா மூன்று வாரம் ஒரு நாள் தவறாமல் வந்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு, முகம் காட்டி உட்காருவாள்.

ஜூலை 26, திங்கட்கிழமை. சரியாக 6:45.

திரையில் பாக்யலட்சுமி என்ற பெயரோடு கட்டம் வந்தது. கேமரா அணைந்திருந்தது. வெறும் கறுப்பு. அடுத்த நொடி அதன் ஓரத்தில், சந்தேகம் கேட்கப் பிள்ளைகள் அழுத்தும் அந்தச் சின்ன மஞ்சள் கை எழுந்தது.

“அம்பிகா, கையை இறக்கு. கடைசியில கேளு.”

கை இறங்கவில்லை. மற்ற பிள்ளைகள் திடீரென்று அமைதியானார்கள். சேவல்கூடக் கூவவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில், “இப்ப சொல்லும்மா” என்றேன். மைக் திறந்தது. பேச்சு இல்லை. கர்ர்... கர்ர்... என்று ஒரு சத்தம். தையல் மெஷின் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கட்டம் மறைந்துவிட்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

தலைமையாசிரியர் நிசார் அஹமதிடம் சொன்னேன். “முகம் காட்டலன்னா ஆப்சென்ட் போடுங்க டீச்சர். ஃபோனை ஆன் பண்ணி வெச்சிட்டு ஊர் சுத்தறாங்க. பதினைஞ்சு நாள் ஆச்சுன்னா பேரை எடுத்துடலாம். அட்மிஷனுக்கு வெயிட்டிங்ல பிள்ளைங்க ஜாஸ்தி.”

26-லிருந்தே ஆப்சென்ட் போட்டேன். தினமும்.

ஆகஸ்ட் 4. வகுப்பின் நடுவே, 7:05-க்கு, கணவரின் ஃபோனிலிருந்து பாக்யாவின் எண்ணுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். என் எதிரே திரையில் அதே ஃபோன்... கை தூக்கியபடி.

அப்போதே ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

ஆகஸ்ட் 13, வெள்ளி. பதினைந்தாவது நாள். அன்றைய வகுப்புக்குக்கூடக் காத்திராமல், மாலை 5:40-க்கே வகுப்பின் பெயர்ப் பட்டியலை அனுப்பினேன். அதில் அம்பிகாவின் பெயர் இல்லை.

7:32. வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஒரே ஒரு கட்டம் மட்டும் போகவில்லை.

கை உயர்ந்திருந்தது.

எனக்குக் கோபம். “உன் பேரை எடுத்தாச்சு அம்பிகா. இனிமே நீ வர வேணாம்.”

கேமரா திறந்தது.

மங்கலான வெளிச்சம். நீல நிறக் கம்பெனி கோட்டு. முகம் தெரியவில்லை. மார்பில் தொங்க வேண்டிய அடையாள அட்டை...

மேல்நோக்கித் தொங்கியது.

பின்னலும் மேல்நோக்கி.

கர்ர்... கர்ர்...

திரை அணைந்தது. 7:34.

சைராவுக்கு அடித்தேன். அம்பிகாவின் தெருவில் இருக்கும் மாணவி.

“சைரா, அம்பிகா எங்கம்மா?”

“மிஸ்... உங்களுக்குத் தெரியாதா? அவங்க அம்மா மவுத்தாயிட்டாங்க மிஸ். கம்பெனி வேன் கவுந்துடுச்சு.”

“பாக்யா செத்துட்டாங்களா? எப்போ?”

“போன மாசம் இருபத்தாறு. சாயங்காலம் ஆறு இருபது இருக்கும். ஃபோனு தூள் தூளாயிடுச்சு மிஸ்.”

அந்தக் கை முதன்முதலில் உயர்ந்தது அன்று 6:45-க்கு.

“அம்பிகா?”

“வயசு ஜாஸ்தி சொல்லி கம்பெனில சேர்த்துட்டாங்க. அவங்கம்மா உக்காந்த மெஷினாம்.”

சைரா மெதுவாகத் தொடர்ந்தாள்.

“நீங்க தினம் ‘அம்பிகா, கையை இறக்கு’ம்பீங்க. எங்களுக்கெல்லாம் பயமா இருக்கும் மிஸ்... அங்க யாருமே இல்லியே.”

சனிக்கிழமை தலைமையாசிரியரின் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். “லிஸ்ட் போயாச்சு டீச்சர். அந்த இடத்துல வேற பொண்ணைச் சேர்த்தாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

ஆகஸ்ட் 16, திங்கள். 6:45.

கட்டம் வந்தது. கை எழுந்தது.

பாடம் நடத்தவில்லை. தலைவலி என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினேன். ஒவ்வொரு கட்டமாக மறைந்தது.

ஒன்று மட்டும் மிச்சம்.

கதவைச் சாத்திக்கொண்டேன்.

“சொல்லுங்க பாக்யா.”

மைக் திறந்தது. தையல் மெஷின் இல்லை, கவிழ்ந்த வேனின் சக்கரம்; கர்ர்... என்று சுற்றியது மெல்ல மெல்ல நின்றது.

“டீச்சர்... அம்பிகா பேரை எடுத்துடாதீங்க.”