நான் போட்ட முடிச்சு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணும், நடந்ததில் பாதி மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆயா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். திரேஸ்புரத்தில் வலை முடிந்து பழகிய கை என்பதால், நோயாளி யாராவது முரண்டு பிடித்தால் கட்டிலோடு சேர்த்துக் கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

சில வருடங்களுக்கு முன், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு, முகாமில் இருக்கும் இலங்கை அகதிகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டறியப் பயிற்சி கொடுத்தார்கள். முகாமிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் ஆறு பேர் போனார்கள். தூக்கமில்லாமல் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறவள் அவள். வெளியாள் காதில் விழக்கூடாது, கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு மாணவி தாழ்ப்பாள் போட்டாள். ஆறு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் சத்தத்தில் அந்தப் பெண் பாய்ந்தாள். இரும்புத் தட்டால் அந்த மாணவியின் நெற்றியில் ஓங்கி அடித்தாள். ரத்தம் கண்ணில் இறங்கியது. ஒரு பையனின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தாள். விலக்கப் போன என் தோளைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். நான்கு பேர் அமுக்க, அவள் கால் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டினேன். கடித்த ஆத்திரத்தில் தேவைக்கு மேலேயே இறுக்கினேன்.

பெரிய டாக்டர் வந்து பார்த்து, மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டார். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். முகாமில் வேறு ஆள் இல்லை. தாய் போனால் பிள்ளையை எங்காவது விடுதியில் சேர்த்துவிடுவார்கள். அதைக் கேட்டதும் அவள் மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கட்டில் கம்பியில் தலையை மோதினாள்.

அடிபட்ட மாணவி நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பி வந்து, கதவை அகலத் திறந்து வைத்தாள்.

“ஆச்சி, கட்ட அவுத்துவிடுங்க.”

“வேண்டாம் டாக்டரம்மா, உங்களக் கொன்னுருவா.”

அவள் கேட்கவில்லை. அவிழ்க்கப் பார்த்தேன்; முடியவில்லை. துணி சதைக்குள் இறங்கி விரல்கள் கறுத்திருந்தன. மாணவி கத்தரியால் ஒரு கையின் கட்டை வெட்டினாள். விடுபட்ட கை மாணவியின் கன்னத்தில் பளீரென்று விழுந்தது. அவள் நகரவில்லை. அடுத்ததையும் வெட்டிவிட்டு, வாசலை மறைக்காமல் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அந்தப் பெண் சொன்னாள்: “கதவைப் பூட்டிப்போட்டுத்தான் என்ட அண்ணாவை அடிச்சுச் சாகடிச்சவங்கள். சத்தம் நிக்கிற மட்டும் நான் வெளியில நிண்டனான்.”

மாணவி போய், கதவைச் சாத்தியது நம் தப்பு என்று பெரிய டாக்டரிடம் வாதாடினாள். அவர் நிறைய ஏசினார். ஆனாலும் கடிதம் போகவில்லை. பத்து நாளில் அந்தப் பெண் மகளிடமே திரும்பினாள்.

போகும்போது பையைத் தூக்க முடியாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு போனாள். அந்த விரல்கள் பிறகு சரியாயினவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பத்து நாள் என்பதும் சரிதானா தெரியாது. அந்த மாணவி இப்போது கயத்தாறு பக்கம் டாக்டராக இருப்பதாகக் கேள்வி. யாராவது அவரிடம் இதைக் காட்டிச் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக அந்த விரல்களைப் பற்றி.