ஃபிளாப் வைப்பதா, துணி ஒட்டுவதா

பென்னலூர் பக்கம், தொழிற்சாலைகளுக்கு இரும்புத் தள்ளுவண்டி செய்து கொடுக்கும் கொட்டகை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் கார் சீட் தொழிற்சாலை லைனில் ஒப்பந்த ஆளாக இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு அது புதிதில்லை. கொட்டகையின் பின்பக்கம் பாய் விரித்துக்கொண்டேன். தலைமாட்டில் ஒரு விமானம் நின்றது.

ஒரே ஒருவர் உட்காரலாம். அலுமினியக் குழாய்களை வைத்து முதலாளியே கட்டியது. ஓட்டப்போகிறவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் வேலை; முறையாகப் பயிற்சிக்குப் போய் உரிமமும் வாங்கியிருந்தார்.

இறக்கைக்குத் துணி ஒட்டும் கட்டத்தில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. மாப்பிள்ளைக்கு இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் வேண்டும். அது கீழே மடங்கும் பலகை; மடக்கினால் விமானம் வேகம் குறைந்து சட்டென்று இறங்கும். துணி ஒட்டிய பிறகு வைப்பதென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

"மரத்தைத் தாண்டி டக்குனு கீழ வந்துடலாம் மச்சான்."

"நாம எறக்கப்போறது எம்மாம் நீள ரன்வே மாப்ள! அங்க மரம் எங்க கீது? உசரமா வந்துட்டா மூக்கைத் திருப்பி, றெக்கையைச் சாச்சு, சறுக்கினு எறங்கு. வெயிட்டும் ஏறாது."

என்னையும் கேட்டார்கள். ஃபிளாப் வைத்தால் இன்னும் இரண்டு மாதம் சோற்றுக்குக் கவலையில்லை. "வச்சிருவோம்ணே" என்றேன்.

"சோத்துக்கு ஓட்டுப் போடுறான் பாரு" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் தங்கை சாப்பாடு கொண்டுவந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எலும்புக்கூடாக நின்ற இறக்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எறங்கசொல்லோ மடக்குறது சரி. அப்புறம் அதைத் தொடவே வேணாமா?"

முதலாளி விளக்கினார். இறங்காமல் மறுபடி மேலே போக வேண்டி வந்தால் ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். மறந்தால் விமானம் ஏறத் திணறும். ஒரேயடியாக ஏற்றினால் பொத்தென்று அமுங்கும்.

"இவரா? வல்லக்கோட்டைலேர்ந்து வூடு வரைக்கும் இண்டிகேட்டரைப் போட்டுகினே வர்ற ஆளு! பின்னாடி வர்றவன்லாம் திட்டிகினே வரான்."

"ரோடு வேற, வானம் வேற" என்றார் மாப்பிள்ளை, முகம் சுண்டிப்போய்.

"லைன்ல புதுசா ஒண்ணு மாட்டுறதுக்கு முன்ன டிரையல் பாப்பாங்க இல்ல? உக்காருயா, பாக்கலாம்" என்றார் அக்கா.

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. விமானத்தைத் திருப்பும் தடிக்குப் பதில் காலுக்கு நடுவே ஒரு துடைப்பக்கட்டை. இஞ்சின் வேகத்துக்கு இடதுபக்கம் ஒரு ஸ்குரூடிரைவர். வலதுபக்கம் ஃபிளாப்புக்கு ஒரு குழாயைத் தள்ளுவண்டியில் மாட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை குழாயை மடக்கி, கண்ணைச் சுருக்கி, இறங்க ஆரம்பித்தார்.

"ரன்வேல எருமை! மேல போ!" என்று அக்கா கத்தினார்.

மாப்பிள்ளை ஸ்குரூடிரைவரைத் தள்ளினார், துடைப்பத்தை இழுத்தார். குழாய் மடங்கியபடியே கிடந்தது. அடுத்த எருமைக்குக் குழாயை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

"போச்சு, தரையில குந்திட்ட" என்றார் முதலாளி.

பக்கத்துக் கொட்டகைப் பையன்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அதன் பிறகு மாப்பிள்ளை சுதாரித்துச் சில எருமைகளைத் தப்பவிட்டார். அக்கா விடவில்லை.

"காலையில குழம்பு எப்படி இருந்துச்சு?"

"உப்புதான் கொஞ்சம்..."

"எருமை!"

குழாய் அசையவே இல்லை. எல்லாரும் சிரித்தோம், மாப்பிள்ளையும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்காமல் அவர் அருகில் வந்து நின்றார். "எனக்கு நீ முழுசா எறங்கி வரணும். அம்புட்டுதான்."

மாப்பிள்ளை துடைப்பத்தைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார்.

"மச்சான், துணியை எடுங்க."

அன்று மாலையே ஒட்டத் தொடங்கினோம். பசை காய்ந்த இடங்களில் நான் இஸ்திரிப்பெட்டியைத் தேய்த்தேன்; சூட்டில் துணி சுருங்கி மேளத்தோல் போல் விறைத்தது. என் இரண்டு மாதச் சோறு போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

அனுமதி கிடைத்து விமானம் பறக்கும் நாள் வந்தபோது நான் வேறு இடத்தில் வேலையில் இருந்தேன். லீவு போட்டுவிட்டுப் போனேன். மாப்பிள்ளை வட்டமடித்துத் திரும்பி வந்தார். கொஞ்சம் உயரம்தான். மூக்கை ஒருபக்கம் திருப்பிச் சாய்ந்து சறுக்கினார். அக்கா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணா இது, நண்டாட்டம் வராரு?"

"அப்படித்தான் வரணும். சும்மா இரு."

தரைக்குச் சற்று மேலே மூக்கு நேரானது. சக்கரம் தொட்டது, ஒருமுறை துள்ளியது, ஓடியது. அக்கா கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். முதலாளி தன் முழங்கையில் பதிந்த நகத் தடத்தைத் தடவிக்கொண்டே, "ஃபிளாப் வச்சு நேரா எறங்கிருந்தா இந்தக் கீறலு மிச்சம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.