என்னிடம் இல்லாத பாவம்

நான் ஒரு மடையன். இதை அடக்கத்தினால் சொல்லவில்லை. சாட்சிகள் இருக்கிறார்கள், ஒரு லயத்து வரிசை வீடுகள் முழுக்க இருக்கிறார்கள். மற்றவர்கள் செய்த குற்றத்தைச் செய்யவில்லை என்று சாதித்து மாட்டிக்கொள்வார்கள். நான் செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று, அதுவும் ஜெபக் கூட்டத்தில், அதுவும் கண்ணீரோடு, தோளில் துப்பாக்கி மாட்டியிருந்த ஒருவன் காதுபடச் சொல்லி மாட்டிக்கொண்டவன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். கோலா பிலா போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் இரட்டை முள்வேலி போட்டிருந்தார்கள். இரண்டு வேலிக்கும் நடுவே ஒரு லாரி தாராளமாக ஓடலாம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக் கேட்டில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்க ஓர் அம்மாள் இருந்தாள். காட்டுக்காரனுக்கு அரிசி கொடுத்தான் என்று தெரிந்தால் சிறை. அதிர்ஷ்டம் இருந்தால் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பிறந்தது ஆறாம் நம்பர் லயத்தில்.

அந்த வருஷம் நானும் என் மனைவியும் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தோம். அவள் விசுவாசத்தினால் கொடுத்தாள். நான் அவள் கொடுத்ததினால் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானிலிருந்து உபதேசியார் பஸ் பிடித்து வருவார். ஒல்லியான மனிதர், மழையானாலும் வெயிலானாலும் அக்குளில் குடை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் மூக்கில் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருப்போம். “எல்லாரும் பாவிகள்தான். நம்ம புண்ணியத்தக் காட்டி யாரும் கரையேற முடியாது. இயேசு சிலுவையில எல்லாத்தையும் சொமந்து தீத்துட்டார். அத நம்பி வெறுங்கையோட வாங்க, அது போதும்” என்பார். மூன்று மாதம் இதையேதான் சொன்னார். மூன்று மாதமும் நான் தலையாட்டினேன்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின ஞாயிறு, பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். முன்பு எப்படிப்பட்ட பாவியாக இருந்தேன், எப்படி மனந்திரும்பினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லும் வழக்கம். எனக்கு முன்னால் எழுந்தவர் புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நெருப்புப் போடுகிறவர். பெண்டாட்டியின் தாலியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கள்ளாகக் குடித்த கதையைச் சொன்னார். பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். அந்தப் பெண்டாட்டியே கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருந்தது போல எனக்குப் பட்டது.

அடுத்தது நான். என்னிடம் இருந்த சரக்கு என்ன? பால் வாளியில் ஓடைத் தண்ணீர் கலந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுப் பப்பாளியைப் பறித்தது. தண்ணீர் கலந்ததைச் சொன்னால் எவன் அழுவான்? அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் தண்ணீர் கலக்கிறவர்கள். இப்படி ஒரு அற்பப் பாவத்தோடு ஆண்டவர் முன்னால் போய் நின்றால் அவருக்கே சங்கடமாக இருக்காதா என்று தோன்றியது. எழுந்தேன். வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

“நான் காட்டுக்காரங்களுக்கு அரிசி குடுத்த பாவி! தலகாணி உறை நெறைய அரிசி கட்டி, வேலிக்கு மேல தூக்கி எறிஞ்சேன்!”

புகைவீட்டுக்காரரின் தாலி அந்த நொடியே மறந்துபோனது. நான் இன்னும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு உட்கார்ந்தேன். என் மனைவி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தக் காலத்தில் எந்தக் கூட்டம் கூடினாலும் வாசலில் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நிற்பான். அன்றைக்கு நின்றவன் ஒரு மலாய்க்காரப் பையன். ஆனால் கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்தில் பிறந்து எங்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன். தமிழில் திட்டினால் அதைவிட நல்ல தமிழில் திருப்பித் திட்டுவான். அவனும் என் சாட்சியில் உருகிப்போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய் ரிப்போர்ட் கொடுத்தான்.

மறுநாள் மத்தியானம் பால் நிறுக்கும் இடத்தில் வைத்து என்னைப் பிடித்தார்கள். கேட் பக்கத்துக் காவல் கொட்டகையில் போலீஸ் சார்ஜன் உட்கார்ந்திருந்தார். அவர் மலாயில் கேட்க, அதே பையன் தமிழில் சொன்னான்.

“அண்ணே, நேத்து சொன்னது உண்மையான்னு கேக்குறாரு.”

“பொய், தம்பி.”

“அப்புறம் எதுக்குச் சொன்னீங்களாம்?”

“இரட்சிக்கப்படத்தான்.”

சார்ஜன் நெற்றியைத் தேய்த்தார். பையனிடம் நீளமாக ஏதோ சொன்னார். பையன் கொஞ்சம் தயங்கி, “கடவுள்கிட்ட தப்பிக்கக் கடவுள்கிட்டயே பொய் சொன்னியாங்கிறாரு” என்றான்.

செய்தி போய் உபதேசியார் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார், குடையோடு. இவன் சொன்னது உண்மையா என்று அவரிடம் கேட்டார்கள். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். “இவன் பாவிங்கிறது உண்மை. இந்தப் பாவத்தச் செஞ்சானாங்கிறது எனக்குத் தெரியாது” என்றார். முதல் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, “ஏம்ப்பா இப்படிச் சொன்னே?” என்றார்.

“பாவம் பெருசா இருந்தா மன்னிப்பும் பெருசாக் கெடைக்கும்னு நெனச்சேங்க ஐயா.”

“நல்லது செஞ்சு பரலோகத்த வாங்க முடியாதுன்னு மூணு மாசமாச் சொன்னேன். நீ கெட்டது செஞ்சு வாங்கப் பாத்திருக்க. அதையும் செய்யாம.”

சார்ஜன் என் மனைவியையும் கூப்பிட்டார். அவள் பால் வாளியோடேயே வந்து நின்றாள்.

“துவான், எங்க வீட்டுல தலகாணியே இல்ல. உறை எங்கேருந்து வரும்? இந்த மனுசன் கையத் தலைக்கு வச்சுத்தான் படுக்குது. அப்புறம், வேலிக்கு மேலயா? இவரா? நாய அடிக்கச் செருப்ப எறிஞ்சா அடுத்த வீட்டு ரசத்துல விழும். எறியச் சொல்லிப் பாருங்க லா!”

சார்ஜனுக்கு அது நியாயமாகப் பட்டது. எங்களிடம் தலையணை உறை இல்லாததால் அந்தப் பையனே தன்னுடையதைக் கொண்டுவந்தான். அவன் அம்மா கையால் பூ வேலை செய்தது, ஓரத்தில் இரண்டு கிளிகள். அதில் மணலை நிரப்பி என் கையில் கொடுத்தார்கள். வேலை முடிந்து வந்த சனம் முழுக்க வேலியோரம் கூடிவிட்டது. எனக்கு விஷயம் தெளிவாகத்தான் தெரிந்தது. மூட்டை இரண்டு வேலியையும் தாண்டினால் கப்பல். தாண்டாவிட்டால் வீடு.

முதல் தடவை மேலே போன மூட்டை நேரே திரும்பி வந்து என் கால் பெருவிரலில் இறங்கியது. சிரிப்பு. இரண்டாவது தடவை கொஞ்சம் உயரப் போய் உள்வேலியிலேயே இடித்து விழுந்தது. “என்னாண்ணே, காலையில சாப்புடலையா?” என்று ஒருத்தன் கத்தினான். புகைவீட்டுக்காரர், “குடுய்யா இப்படி, நான் எறியுறேன்” என்றார். அங்கேதான் என் புத்தி கெட்டது. கப்பல் மறந்துபோனது. மனைவி மறந்துபோனாள். இந்த ஆளுக்கு முன்னால் தோற்பதா? கைலியை மடித்துக் கட்டினேன். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தேன். நாலு எட்டுப் பின்னால் போய் ஓடிவந்து, உடம்பில் உள்ள அத்தனை பலத்தையும் கூட்டி, என்னை நானே சிறைக்கு அனுப்பும் முழு முயற்சியோடு எறிந்தேன்.

மூட்டை உள்வேலியின் உச்சிக் கம்பியில் குத்திக்கொண்டு தொங்கியது. கிளிகள் கிழிந்து, மணல் மெல்ல ஒழுகி வேலியடியில் எங்கள் பக்கமே கொட்டியது. வெளிவேலி அந்தப் பக்கம் சும்மா நின்றது.

சார்ஜன் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, “பாலேக்” என்றார். வீட்டுக்குப் போ. யோக்கியதையோ, உண்மையோ, உபதேசியாரோ என்னைக் காப்பாற்றவில்லை. கையாலாகாத்தனம் ஒன்றுதான் காப்பாற்றியது. அதிலும் நான் ஒத்துழைக்கவில்லை.

என் மனைவி கிழிந்த உறையை வாங்கிவந்து நாலு நாள் உட்கார்ந்து தைத்தாள். ஒரு கிளிக்கு வால் கொஞ்சம் கோணிவிட்டது. பையன் பரவாயில்லை என்றான். அந்த நாலு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள்: “ஐயா நமக்கு ஞானஸ்நானம் குடுக்க மாட்டேன்னுட்டா, என் மூஞ்சியில முழிக்காதீங்க.” அவள் கண் கலங்கியிருந்தது. போலீசுக்கு அழாதவள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் என் சாட்சியைக் கேட்க வந்திருந்தார்கள். வாசலில் அதே பையன், இந்த முறை காதை நன்றாகத் தீட்டிக்கொண்டு. தண்ணீர்க் கிண்ணம் மேசைமேல் தயாராக இருந்தது. உபதேசியார் என் பெயரைக் கூப்பிட்டார். மனைவி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்தேன். ஒரு பெரிய பாவமும் வாய்க்கு வரவில்லை.

“போன வாரம் எல்லாரும் என்னப் பாக்கணும்னு பொய் சொன்னேன், ஐயா. வேலியோரத்துலயும் அதுக்காகத்தான் ஓங்கி எறிஞ்சேன். வேற பெருசா ஒண்ணும் இல்ல. இந்தச் சின்னப் பாவம் போதுமா, இல்ல பப்பாளியையும் சேத்துக்கவா?”

“போதும், உக்காரு” என்றபடி உபதேசியார் தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தார்.