விஞ்ச்காரன் அமலன் கை ஓங்கிய நாள்

அமலன் ஒருத்தரை அடித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்த அடியில் பர்னபாஸ் முதலாளிக்குத் தாடை எலும்பு விலகிவிட்டது. அடிப்பது பாவம் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் அந்த அடிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பாவம்தான்.

எங்கள் தெருவில் எனக்கு மூன்றாவது வீடு அமலன். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், பர்னபாஸின் விசைப்படகில் பத்தொன்பது வருஷமாக விஞ்ச் பார்த்தவன். கடலடியில் கிடக்கிற மடி வலையை, இரும்பு ரோப்பை உருளையில் சுற்றி மேலே இழுக்கிற இயந்திரம் அது. விஞ்சைத் தொடுமுன் சாரத்தை அவிழ்த்து வைத்துவிட்டு டவுசரோடு நிற்பான். தலையில் துண்டு கிடையாது. கழுத்தில் கிடக்கிற, மாதா படம் தைத்த உத்தரியத்தைக் கழற்றி, மாதாவுக்கு ஒரு முத்தம் கொடுத்து, இடுப்பில் முடிந்துகொள்வான்.

"என்ன மச்சான், மாதாவ இடுப்புல கட்டிட்டு அலையுத? மோட்சத்துக்குக் குறுக்குவழியா?" என்று செல்வின் கேலி பண்ணுவான்.

"கழுத்துல தல இருந்தாத்தாம்லே மாப்ள, மோட்சத்துக்கு வழி தெரியும்."

செல்வின் அமலனுடைய பெண்சாதி விஜிலாவின் தம்பி. கீழவைப்பாரிலிருந்து வந்து அதே படகில் மீன் பிரிக்கிற வேலை பார்த்தான். எங்கள் கடற்கரையில் உத்தரியத்தை நூலில் கோர்க்கமாட்டோம். உப்புத் தண்ணீரில் நூல் இத்துப்போகும். வலை பின்னுகிற தங்கூசி என்கிற நைலான் நரம்பில் கோர்த்துப் போடுவோம். ஆளைக் கட்டித் தூக்கினாலும் அது அறாது. செல்வின் கழுத்திலும் அதுதான் கிடந்தது, என் கழுத்திலும் அதுதான்.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அறுபத்தொரு நாள். மீன் சினை வைக்கிற நேரம் என்று அரசாங்கம் படகுகளைக் கட்டிப்போடச் சொல்கிறது. அதுவரைக்கும் அடுப்பு எரிய மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தருகிறது. சின்ன வள்ளங்களுக்கு மட்டும் தடை இல்லை.

போன வருஷம் அந்த நிவாரணம் பர்னபாஸின் கண்ணை உறுத்தியது. ஆட்களையெல்லாம் கூப்பிட்டார்.

"ஏலே, சும்மா கிடக்கதுக்குக் கவர்மெண்டு ஒங்களுக்குச் சோறு போடுது. எனக்கு எவம்லே போடுதான்? வந்து படகச் சுரண்டி பெயிண்ட் அடிங்க. கூலி கேக்கப்பிடாது. அதான் கவர்மெண்டு தருதுல்லா."

நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று எல்லாருடைய மீனவர் அட்டையையும் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். ஏழு பேர் மூன்று வாரம் வெயிலில் படகைச் சுரண்டினார்கள். அமலனும் சுரண்டினான். அவன்தான் விஞ்சைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தான்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பர்னபாஸ் அடுத்ததைச் சொன்னார். "ரிப்பேருக்கு வேற ஊருக்குக் கொண்டு போறோம்னு எழுதிக் கொடுத்தாச்சு. நாளைக்குப் போற வழியில ரெண்டு தட மடி போட்டுட்டு வந்திரணும். றாலுக்கு இப்பம் நல்ல கிராக்கி."

"தடையில வர மாட்டேன் மொதலாளி," என்றான் அமலன். "மடி நெறைய சினையோட வரும். அத என் கையால இழுக்க மாட்டேன்."

"பெரசங்கம் வைக்கியோ? சாமியாருக்குப் படிக்கப் போயிருக்க வேண்டியதானலே. இங்கன எதுக்கு வந்த?"

பக்கத்தில் கிடந்த நனைந்த கயிற்றை எடுத்து வீசினார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் சட்டை கிழிந்தது. நாலாவது அடியில் முதுகுத் தோல் பிரிந்து ரத்தம் டவுசரில் இறங்கியது. அமலன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"செல்வினு, நாளைக்கு நீ விஞ்சப் பிடி," என்றார் பர்னபாஸ்.

செல்வினின் பெண்சாதி ஸ்டெபிக்கு அப்போது ஐந்து மாசம். அவன் அட்டையும் பீரோவில்தான் இருந்தது. "ஒரு நாளுதான மச்சான்," என்றான். அமலன் நடந்துவிட்டான். முதுகு வலியிலும் அவமானத்திலும், உத்தரியத்தைக் கழற்றிக்கொள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நடந்துவிட்டான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, இரண்டாவது தடவை மடியை இழுக்கும்போது அது நடந்தது. கூடவே நின்ற அய்யாக்குட்டி, ஏரல் பக்கத்து ஆள், பிறகு சொன்னது இது. ரோப் நேராகச் சுற்றுகிறதா என்று செல்வின் குனிந்து பார்த்தான். உத்தரியம் தொங்கியது. ரோப்பில் பிரிந்து நின்ற ஒரு கம்பிப் பிசிறு தங்கூசியைக் கொத்தி இழுத்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றியது, மறு சுற்றுச் சுற்றியது. தங்கூசி அறவில்லை, கழுத்துதான் அறுந்தது. பிறகு தோளும் உள்ளே போயிற்று. எலும்பு நொறுங்குகிற சத்தம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்டதாம். விஞ்சைச் சட்டென்று நிறுத்தத் தெரிந்தவன் கரையில் இருந்தான்.

பர்னபாஸ் போனிலேயே ஏற்பாடு பண்ணினார். ஒரு வள்ளத்தை வரவழைத்து, கடலிலேயே உடலை அதற்கு மாற்றினார்கள். வள்ளத்தில் வலை இழுக்கும்போது தவறி விழுந்தான், வலை நரம்பு கழுத்தை அறுத்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள்.

எங்கள் கோவில் பங்கில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிறவன் நான். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியும் செல்வின் தோளில் கறுப்பு போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அது கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் பர்னபாஸ் நின்றார். "சீக்கிரம் முடியும் வே. நாலு மணிக்கு அடக்கம்னு சாமியார்ட்ட சொல்லியாச்சு. கழுத்து தெரியாம காலர் பட்டனப் போட்டு விடும்."

நான் போட்டுவிட்டேன். அது என் குற்றம்.

அமலன் உள்ளே வந்தான். என் விரலில் இருந்த கறுப்பைத் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தான். "இது நான் வச்ச கிரீசுண்ணே," என்றான். குரல் ஏறவில்லை. வெளியே போய்ப் பர்னபாஸிடம் கேட்டான். "வள்ளத்துல ஏது மொதலாளி கிரீசு?"

பர்னபாஸின் மைத்துனர்கள் இரண்டு பேர் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. மிதிக்கிற சத்தம். தலை தொட்டியில் மோதுகிற சத்தம். நடுநடுவே பர்னபாஸின் குரல்.

"நீ வந்திருந்தா அவன் இருந்திருப்பாம்லே. ஒன்னாலதான் செத்தான். போயி ஒம் பெண்டாட்டிட்ட சொல்லு, பாப்பம்."

அவனை அங்கேயே போட்டுவிட்டு அடக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

மண் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. செல்வின் வள்ளத்தில் செத்தவன் என்று ஆகிவிடும். ஸ்டெபி வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அப்பன் கவனமில்லாமல் விழுந்து செத்தான் என்று கேட்டுத்தான் வளரும்.

எங்கள் வழக்கப்படி கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமுன் சிலுவை நிற்கிற குருசடியில் பெட்டியை இறக்கி வைத்து, கடைசியாக முகம் பார்த்து, அங்கேதான் மூடியைப் போடுவோம். இரண்டு முக்காலிமேல் பெட்டி இருந்தது. அமலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். முன்பல் இரண்டு இல்லை. வாயிலிருந்து ரத்தம் வழிந்து நெஞ்சு வரைக்கும் காய்ந்திருந்தது. செல்வினின் காலர் பட்டனைப் பிய்த்தான், தோள் வரைக்கும் சட்டையைக் கிழித்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

"வள்ளம் வச்சிருக்கிய நீங்கள்லாம் சொல்லுங்க. எந்த வள்ளத்துல விஞ்சு இருக்கு?"

பர்னபாஸ் மூடியைத் தூக்கி அவசரமாகப் பெட்டிமேல் போட்டார். மூடியின் விளிம்பு செல்வின் நெற்றியில் இடித்துத் தோல் கிழிந்தது. செத்த உடம்பு, ரத்தம் வரவில்லை. ஸ்டெபி போட்ட அலறலில் அமலன் கை ஓங்கியது. பர்னபாஸ் முக்காலியோடு சாய்ந்தார். பெட்டி சரிய, நானும் இன்னொருத்தரும் தாங்கிப் பிடித்தோம். மைத்துனர்கள் அமலன்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் மூங்கில் கம்பால் அவன் விலாவில் அடித்தான். அமலன் விழுந்தும் பெட்டியின் காலடிப் பலகையைப் பிடித்த பிடியை விடவில்லை.

விஜிலா பாதையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "பெரியாஸ்பத்திரியில அறுத்துப் பாக்காம எந்தம்பிய மண்ணுல வைக்க விட மாட்டேன். வேணும்னா என் மேல ஏறிப் போங்க."

அப்போதுதான் அய்யாக்குட்டி முன்னால் வந்தான். "நான் கூடவே நின்னேன். எங்கன வந்து வேணாலும் சொல்லுதேன். அட்டைய அவரே வச்சுக்கிடட்டும்."

பிறகு மற்ற ஆட்களும் ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் வந்து நின்றார்கள். போலீஸ் வந்தது. செல்வின் ஆஸ்பத்திரிக்குப் போனான். பர்னபாஸைத் தாடையில் கட்டுப் போட்டு அழைத்துப் போனார்கள். அடித்ததற்காக அமலனையும் கொண்டுபோனார்கள். எதற்கு அடித்தாய் என்று கேட்டபோது, அடித்தது நான்தான் என்று மட்டும் சொன்னானாம்.

பதினெட்டாம் நாள் ஜாமீனில் வந்தான். தடை முடிந்து, சாமியார் தீர்த்தம் தெளித்து, படகுகள் கடலுக்குப் போயின. பர்னபாஸின் படகு மட்டும் அதிகாரிகள் போட்ட பூட்டோடு கட்டிக் கிடந்தது. வேறு எந்த முதலாளியும் அமலனை வேலைக்குச் சேர்க்கவில்லை. இப்போது வள்ளத்தில் போகிறான். விஜிலா அவனுக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. ஏன் என்று அவனும் கேட்பதில்லை.

ஜாமீனில் வந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்து, இடுப்பில் முடிந்திருந்த உத்தரியத்தை எடுத்துக் கொடுத்தான். "இத நூலுல கோத்துத் தாங்கண்ணே."

"நூலு இத்துப் போவும்லா?"

"இத்துப் போவட்டும். வேற கோத்துக்கிடலாம்."

தங்கூசியைக் கத்தரியால் வெட்டினேன். வெட்டுவதற்கே இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. பிறகு என் கழுத்தில் கிடந்ததையும் கழற்றி வெட்டினேன்.