கொதிதண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போனது

சுற்றுலாவுக்குச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போறவன் ஊர் பார்க்கிறவன் எண்டு ஆரும் நினைச்சால் அது பிழை. அவன் சனத்தின்ரை வாயைப் பார்த்துக்கொண்டு திரியிறவன். கடையிலை நிக்கிறவை, ரெஸ்ரோறண்டிலை தட்டுக் காவுறவை, பதில் சொல்லிச் சொல்லியே நாக்கு வறண்டவை எல்லாருக்கும் இது விளங்கும். உங்களுக்காகத்தான் எழுதுறன்.

முதலாளியின்ரை ஓம்

பாரிசிலை, எங்கடை சனம் கடை போட்டிருக்கிற லா சப்பலிலை பயணச்சீட்டு விக்கிற கடை ஒண்டிலை எனக்கு வேலை. 2014 கோடையிலை முதலாளிக்கு ஒரு யோசினை வந்தது. ஐஸ்லாந்து. நிலத்துக்குள்ளையிருந்து கொதிதண்ணி சீறுற பூங்கா, பக்கத்திலை கூடாரம் போட்டுத் தங்க ஒரு காம்பிங். மனிசன் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுத்ததில்லை, ஆனால் ஆர் என்ன கேட்டாலும் ஓம். ஓல்னேயிலையிருந்து வந்த சறோ அக்கா கூடாரத்துக்குள்ளை கட்டில் இருக்குமோ எண்டு கேட்டா. ஓம். அவவின்ரை மனிசன் பூங்காவிலை சோறு கிடைக்குமோ எண்டார். அதுக்கும் ஓம்.

கடைசியா வந்தவர் கோணேஸ் அண்ணை. திருகோணமலை ஆள், சென் தெனியிலை துப்பரவு வேலை. 2009இலை தாய் வன்னியிலை சண்டைக்குள்ளை செத்துப்போனா. இவரிட்டை இருக்கிறது அகதிப் பயணப் புத்தகம். அதோடை எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் ஏலாது. அவையின்ரை ஊரிலை செத்தவைக்கு அந்தியேட்டி செய்யிறது கன்னியாவிலை. அங்கை ஏழு வெந்நீர்க் கிணறு, ஏழிலையும் அள்ளி முழுகவேணும். தகப்பனுக்கு அப்பிடித்தான் செய்தவர். தாய்க்கு ஒண்டும் செய்யேல்லை, அது அவரை அரிச்சுக்கொண்டே கிடந்தது. ஐஸ்லாந்துத் தண்ணியிலை அதைச் செய்யலாமோ எண்டு மெதுவாக் கேட்டார். முதலாளி கொம்பியூட்டரிலையிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கொதிதண்ணி எண்டால் எல்லாம் கொதிதண்ணிதானே அண்ணை, தாராளமாச் செய்யலாம்."

கூழ்முட்டை நாத்தம்

சனத்தைக் கூட்டிக்கொண்டு போற வேலை என்ரை தலையிலை விழுந்தது. ஐஸ்லாந்துக் காம்பிங்கிலை இறங்கினவுடனை சறோ அக்கா கட்டிலைத் தேடினா. கூடாரத்துக்குள்ளை புல்லுத்தான் இருந்தது. முதலாளி சொன்ன பொய்க்கு என்னை நல்லா ஏசிப்போட்டு முகம் கழுவப் போனவ, போன வேகத்திலை மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தா. சுடுதண்ணிப் பைப்பிலை கூழ்முட்டை நாத்தமாம்.

நான் விளங்கப்படுத்தினன். பச்சைத்தண்ணி நல்ல தண்ணி. சுடுதண்ணியை இவங்கள் காய்ச்சிறேல்லை, அது நிலத்துக்குள்ளையிருந்து கொதிச்சபடி நேரை பைப்புக்கு வாறது, கந்தகம் மணக்கத்தான் செய்யும். காசு குடுத்து வந்த சனத்துக்கு விளக்கம் எதுக்கு? காது குடுத்துக் கேட்டது கோணேஸ் அண்ணை ஒருத்தர்தான். சறோ அக்கா ஒரே வசனத்திலை முடிச்சா: "தம்பி, இதிலை குளிச்சிட்டுப் போனால் பாரிசிலை ரெயிலுக்குள்ளை எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கமாட்டினம்."

திரும்ப விடச் சொல்லுமன்

அடுத்த நாள் பூங்கா. வட்டமா ஒரு குழி, அதுக்குள்ளை தண்ணி பொங்கிப் பொங்கி அடங்குது, திடீரெண்டு பனை உயரத்துக்குச் சீறுது. வெள்ளைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிண்டினம். எங்கடை ஆக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டினம், ஏனெண்டால் படம் எடுக்கவேணும். சறோ அக்காவின்ரை மனிசன் போனிலை தன்ரை மூஞ்சையையே பார்த்துத் தலைமயிரைச் சரி பண்ணிக்கொண்டிருக்கேக்கை பின்னாலை அது சீறி முடிஞ்சுது.

கொஞ்சம் பொறுங்கோ, திரும்ப வரும் எண்டன். வந்தது. அந்த நேரம் மனிசன் குனிஞ்சு புளிச்சோத்துப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நிமிந்து என்னை முறைச்ச முறைப்பிலை, பூமியை நான்தான் பிழையாத் திறந்து விட்டமாதிரி இருந்தது. "வேளைக்கு எனக்கொருக்காச் சொல்லிப்போட்டெல்லோ தம்பி விடச் சொல்லவேணும்."

கயிறு

கோணேஸ் அண்ணை படம் எடுக்கேல்லை. கையிலை ஒரு துணிப்பை. அதுக்குள்ளை வேட்டி, செம்பு, எள்ளு, தர்ப்பை. ஆவி பறக்கிற நீலக் குளம் ஒண்டுக்குக் கிட்டப் போய்ச் செருப்பைக் கழட்டினார். சுத்திவரக் கயிறு. காவலுக்கு நிண்ட பெட்டை ஓடி வந்து மறிச்சிட்டாள். இறங்கினால் தோல் உரிஞ்சு போகும், ஒரு எள்ளு தன்னும் உள்ளை போடக்கூடாது எண்டாள். அவள் சொன்னது ஞாயம்.

முதலாளிக்குப் போன் எடுத்தன். தூரத்திலை நிண்டு கையாலை தெளிக்கச் சொல்லு, அதுவும் கணக்குத்தான் எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அவரைக் கொண்டுவந்து அந்தக் குளத்துக்குள்ளை தெளிச்சிருப்பன். கோணேஸ் அண்ணை செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: "விடுங்கோ தம்பி, கிட்டப் போகவிடாமல் மறிக்கிறது எனக்குப் பழக்கம்தானே."

ரெண்டு குறையுது

பின்னேரம் காம்பிங்கிலை ஒருத்தரும் சரியாச் சாப்பிடேல்லை. சறோ அக்கா திடீரெண்டு என்னைக் கூப்பிட்டா. அந்த நாத்தத் தண்ணி நிலத்துக்குள்ளையிருந்து நேரை வாறது எண்டுதானே சொன்னனீர் எண்டு கேட்டா. ஓம் எண்டன். அப்ப பேந்தென்ன, கயிறு கட்டாத இடத்திலை செய்வம் எண்டா. எனக்கு ஏன் அது தோன்றேல்லை எண்டு இண்டைக்கும் வெக்கமாக் கிடக்கு.

அடுப்பை மூட்டிப் பிண்டச் சோத்தை அவவே வடிச்சா. லா சப்பல் ஐயர் போனிலை மந்திரம் சொன்னார், சிக்னல் அறுந்தறுந்து வந்தது. கோணேஸ் அண்ணை வேட்டியோடை போய், குளிக்கிற இடத்திலை ஆம்பிளையளின்ரை பக்கம் கிணத்துக்கொரு பைப்பாச் செம்பிலை பிடிச்சு, பச்சைத்தண்ணி விளாவித் தலையிலை ஊத்தினார். ஐஞ்சோடை பைப் முடிஞ்சுது. அவர் நனைஞ்சபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டார். வெளியிலை நிண்டு எண்ணின சறோ அக்கா அவரைக் கையிலை பிடிக்காத குறையாக் கூட்டிக்கொண்டு போய்ப் பொம்பிளையளின்ரை பக்கம் விட்டா. உள்ளை பல்லு மினுக்கிக்கொண்டு நிண்ட வெள்ளைக்காரி நுரையோடை வெளியிலை வந்தா.

காம்பிங்கைப் பார்க்கிற பொம்பிளை என்ன நடக்குது எண்டு கேட்டு வந்தா. உள்ளை தண்ணி ஊத்துற சத்தம். அதுக்கு மேலாலை ஒரு மனிசன் தாயைக் கூப்பிட்டு அழுற சத்தம். அந்தியேட்டிக்கு இங்கிலீசிலை என்ன சொல்லுறது எண்டு நான் தேடிக்கொண்டு நிண்டன். சறோ அக்கா வாசலுக்குக் குறுக்கை கையை வைச்சுக்கொண்டு தமிழிலேயே சொன்னா, அந்தப் பொம்பிளையும் விளங்கினமாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டா: "பிள்ளை, இவரின்ரை அம்மா போய் ஐஞ்சு வரியமாச்சு, இண்டைக்குத்தான் முழுகுறார், கொஞ்சம் பொறும்."

நாங்கள் பாரிசுக்கு வந்து உடுப்பிலை முட்டை நாத்தம் போக முதலே முதலாளி கடைக் கண்ணாடியிலை "ஐஸ்லாந்து: அந்தியேட்டி வசதியும் உண்டு" எண்டு எழுதி ஒட்டிப்போட்டார், ஆனால் சறோ அக்காவுக்குச் சொன்ன கட்டில் மட்டும் இன்னும் வரேல்லை.