ஞானமுத்து சார் வளையவிட்ட குழாய்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பழைய கம்பெனி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது: "கடல்ல பைப்பு வளைஞ்சுதே, அந்த ஞானமுத்து சார் பொன்னேரில காலமாயிட்டாரு." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர்கூட அந்த வாக்கியத்தைத் திருத்தவில்லை. பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் என்னைப் பழக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கடலடிக் குழாய்களை வடிவமைத்த அலுவலகத்தில் அவர் தலைமைப் பொறியாளர். நான் வரைபடப் பிரிவின் பொறுப்பாளர். அவர் சேர்ந்த புதிதில், என் மேசையிலிருந்த மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைக் கேட்காமலே எடுத்து, இரு முனைகளையும் உள்ளங்கைகளால் அழுத்தினார். அது பக்கவாட்டில் வளைந்தது.

"பாத்தீங்களா மேடம்? சூடான எண்ணெய் அழுத்தத்தோட உள்ள போனா, குழாய் நீளப் பாக்கும். கடல்மண்ணு புடிச்சிக்கும், நீள வுடாது. இன்னா பண்ணும்? இப்டி ஒதுங்கும்."

"என் ஸ்கேல் இல்லாமலே புரிந்திருக்கும்," என்றேன்.

"வளையறதைத் தடுக்க முடியாது மேடம். எங்கெங்க வளையணும்னு நாமதான் சொல்லணும்."

அப்படியே செய்தார். குழாயின் கீழே, இடையிடையே குறுக்காகத் தடித்த குழாய்த்துண்டுகளை வைக்கச் சொன்னார். அந்தந்த இடத்தில் குழாய் கொஞ்சம் விலகிக்கொடுக்கும், நீட்சி எல்லா வளைவுகளுக்கும் பங்காகும், எங்கும் மடங்காது.

எண்ணெய் ஓடத் தொடங்கியபின் கடலடிப் படங்கள் வந்தன. அவர் குறித்த இடங்களில் வளைவுகள். பெரிய வளைவைப் பார்த்ததுமே எங்கள் மேலாளர் பதறி, அதன்மேல் கருங்கல் கொட்டி அமுக்க உத்தரவிட்டார்.

"வேணாம் சார். இங்க அமுக்கினா எல்லாம் பக்கத்து வளைவுக்குப் போய்ச் சேரும். அது தாங்காது."

"வளைஞ்சதை வச்சிக்கினு அழகு பாக்கச் சொல்றீங்களா?"

கல் விழுந்தது. அடுத்த முறை எண்ணெயை நிறுத்தி மீண்டும் சூடாக அனுப்பியபோது, பக்கத்து வளைவு மடங்கி நசுங்கியது. கெட்ட பகுதியை மாற்றினார்கள். பழியை வடிவமைப்பின்மேல் போட்டார்கள். நான் போய்க் கேட்டதற்கு, "படம் வரையறதோட நிறுத்திக்குங்க மேடம்," என்றார் மேலாளர். ஞானமுத்து அவர்களோ, "வுடுங்க மேடம், பேஜாரு," என்பார். அவருடைய மற்றக் குணங்களையெல்லாம் மதித்தேன். இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓய்வு பெறும்வரை கேன்டீனில், "இன்னா சார், இன்னிக்கு எது வளையுது?" என்று கேலி பேசினார்கள். அவரும் சிரித்தபடி டீ குடித்தார்.

அடக்கத்தன்று மேலாளர் மாலையோடு வந்தார். ஞானமுத்து அவர்களின் மனைவி ரோஸ்மேரியிடம், "தப்பு எல்லாருக்கும் நடக்கும்மா, மனசுல வச்சிக்காதீங்க," என்று ஆறுதல் சொன்னார்! கல் கொட்டச் சொன்னது யார் என்று அங்கேயே சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

ரோஸ்மேரி என் கையைப் பிடித்தார். "அப்ப அவரு கணக்கு சரியா மேடம்? இத்தினி வருசமும் அவருதான் தப்பு பண்ணிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேனே!"

பிறகு சவப்பெட்டியருகே குனிந்து, "ஏன்யா, என்னாண்டகூடவா சொல்லக் கூடாது?" என்று கேட்டார். உறவினர்கள் அவரை விலக்கப் பார்த்தார்கள். நானும் கணவரை அடக்கம் செய்தவள்; கேட்டு முடிக்கட்டும் என்று தடுத்தேன்.

சென்று வாருங்கள், ஞானமுத்து சார். கல் விழாத வளைவுகள் நீங்கள் சொன்னபடியே விலகிக்கொடுத்து, இன்றும் எண்ணெயைக் கரைசேர்க்கின்றன. நீங்கள் சொல்லாததால், ரோஸ்மேரியிடம் இதை நான் சொல்லிவிட்டேன்.