நாற்பத்தொரு ஓட்டைக் கூடை

இர்யா நிஸ்கனென் எங்கள் கிளை நூலகத்திலிருந்து ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை. கணினியில் தேடிப் பார்த்து இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் எனக்குள் சந்தேகம் விழுந்தது. நான்கு வருடமாகச் சனிக்கிழமை பத்தரை மணிக்குக் குழந்தைகளை உட்காரவைத்து நாடு நாடாகக் கதை சொல்கிறவர். பிலிப்பைன்ஸ் கதை, உக்ரைன் கதை, சோமாலியாக் கதை என்று வாசலில் அறிவிப்பு எழுதி ஒட்டுவதே நான்தான். அப்படிப்பட்டவருக்கு நூலக அட்டையே இல்லை.

தேடச் சொன்னவர் பாட்ரிசியா மக்ரெடி. டொராண்டோவிலிருந்து எங்கள் ஊரான தண்டர் பேவுக்கு மாற்றலாகி, கிளைக்குத் தலைவியாக வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. "எரித்ரியாக் கதை என்று உங்கள் நூலகத்தில் ஒன்றைச் சொல்கிறார்கள். என் சின்ன மகள் வந்து சொன்னாள். எங்கள் நாட்டில் கழுதைப்புலிக்கு யாரும் கூடை கொடுப்பதில்லை. பொய் சொல்ல எங்கள் பெயர் எதற்கு?" கீழே ஹப்டோம் என்று கையெழுத்து. மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிறவர். மகளை வாசலில் விட்டுவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்.

"ஒவ்வொரு கதைக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா அந்தக் கதை நேரத்தையே நிறுத்திடலாம்," என்றார் பாட்ரிசியா. "நீங்க கூட உக்காந்து குறிச்சுக்குங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம்."

பிடிக்காமல்தான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

இர்யாவுக்கு அறுபத்துநாலு வயது. அப்பா பின்லாந்திலிருந்து வந்து காட்டில் மரம் வெட்டியவர். இவர் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, முட்டி இரண்டும் போன பிறகு நின்றவர். கடைசி இருக்கை வரை கேட்க வேண்டிய குரல், நூலகத்திலும் அப்படியேதான் இருந்தது. அவர் பெயரை யாராவது 'ஐர்ஜா' என்று கூப்பிட்டுவிட்டால், "எழுத்துக்கூட்டி என்னைக் கூப்பிடாதே, காதுல கேட்டுக் கூப்பிடு," என்பார். ரோஜா நிறச் சர்க்கரை பூசிய பெர்ஷியன் ரொட்டி ஆறு வாங்கி வருவார் எங்களுக்கென்று. இரண்டை அவரே தின்றுவிடுவார்.

மூன்று சனிக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து குறித்தேன். பிலிப்பைன்ஸ் முதலை கதவைத் தட்டியது; உள்ளே இருந்த பெண் ஒரு கூடையைக் கொடுத்து, "இதுல தண்ணி நிரப்பிக்கொண்டு வா, அப்புறம் திறக்கறேன்," என்றாள். அடுத்த வாரம் உக்ரைனில் ஓநாய், அதே கூடை. மூன்றாம் வாரம், கடிதத்தில் வந்த எரித்ரியாக் கழுதைப்புலி. கதைகள் நாடு விட்டு நாடு நடக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று கூடைக்கும் ஓட்டை நாற்பத்தொன்று. குழந்தைகள் இர்யாவோடு சேர்ந்து விரல் மடக்கி எண்ணின. அலமாரியில் இருந்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு அத்தனையும் புரட்டினேன். முதலை இருந்தது, ஓநாய் இருந்தது, நாற்பத்தொன்று எங்கும் இல்லை.

"இந்தக் கழுதைப்புலிக் கதை உங்களுக்கு யாரு சொன்னது?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஒரு பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"நல்ல பொண்ணு," என்று ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டார். என் மடியில் கிடந்த நோட்டை ஒரு பார்வை பார்த்தார். "என்ன, நீயும் எழுதித் தள்ளுறே? கதையா, கணக்கா?"

அன்று மாலையே பாட்ரிசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அலுவலக அறையில் நாங்கள் நான்கு பேர். பாட்ரிசியா வரச்சொல்லி ஹப்டோமும் வந்திருந்தார். வெளியே பதினாலு குழந்தைகள் காத்திருந்தன. பாட்ரிசியா, 'புத்தகம்', 'பக்கம்' என்று மட்டும் அச்சிட்ட அட்டையை நீட்டினார்.

"புத்தகம் எதுவும் இல்ல," என்றார் இர்யா. "பஸ்ஸுல வர்ற பிள்ளைங்க சொன்னது. என் பின்னாடி சீட்டுல உக்காந்து சொல்லுவாங்க. கழுதைப்புலிக் கதை செனாயித் சொன்னது."

ஹப்டோம் நிமிர்ந்தார். "என் பெரிய பொண்ணா? அவ கூடைன்னு சொல்லியிருக்க மாட்டா."

"சொல்லல. கழுதைப்புலி பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து ஆட்டைப் பொண்ணு கேக்குது. ஆட்டை வளர்க்கற அம்மா கதவைத் திறக்கறா. அதோட உங்க வீட்டு நிறுத்தம் வந்துடும். அவ இறங்கிடுவா. மறுநாள் கேட்டா, வேற கதை ஆரம்பிப்பா."

"மீதி?" என்றார் பாட்ரிசியா.

"மீதி என்னோடது. எல்லாப் பிள்ளைங்களும் பாதியில இறங்கினவங்கதான். நான் காலி பஸ்ஸை ஓட்டிக்கிட்டுத் திரும்பறப்ப முடிச்சுக்குவேன்."

"அந்த நாற்பத்தொண்ணு?" என்று நான் கேட்டேன்.

"என் பஸ் நம்பர்."

பாட்ரிசியா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இதை நாட்டுப்புறக் கதைன்னு சொல்ல முடியாதுங்க இர்யா. இன்னைக்கு மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்குங்க."

இர்யா எழுந்து குழந்தைகளிடம் போனார். நாற்காலியில் உட்கார ஒரு நிமிடம் ஆயிற்று அவருக்கு, முட்டி. கழுதைப்புலிக் கதையையே எடுத்தார். பெரியவர்கள் வந்தார்கள், பெண் கேட்டார்கள், அந்த அம்மா கதவைத் திறந்தாள். குழந்தைகள் எண்ணுவதற்கு விரலைத் தயாராக வைத்திருந்தன.

"இங்க செனாயித் இறங்கிட்டா," என்றார் இர்யா. "எனக்கு இவ்வளவுதான் தெரியும்."

"கூடை!" என்று கத்தின குழந்தைகள்.

"கூடை நான் வெச்சது. அது பொய்."

ஹப்டோமின் சின்ன மகள் திரும்பி, எங்களோடு பின்னால் நின்ற தகப்பனைப் பார்த்தாள். எல்லாக் குழந்தைகளும் அவள் பார்த்த பக்கம் பார்த்தன. அவர் கையைக் கட்டினார், அவிழ்த்தார், தொண்டையைச் செருமினார்.

"பெரியவங்க வந்து கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? ஆட்டைக் கட்டிக் கொடுத்துட்டா," என்றார். "ஆனா மறுநாள் காலையில சம்பந்தி வீட்டுக்குப் போனா, விருந்தாளியா. வந்தவங்களுக்குக் காப்பி வறுத்து, இடிச்சு, காய்ச்சிக் கொடுக்கணும் இல்ல? மூணு சுத்து. மூணாவது கோப்பை முடியாம யாரும் எழுந்திரிக்கக் கூடாது. அவ எழுந்தா அவ அக்கா வந்தா. அக்கா எழுந்தா மச்சான். கழுதைப்புலிக்குக் காப்பி போடவே நேரம் சரியாப் போச்சு, ஆட்டைத் திங்க எங்க நேரம்? ஏழாம் நாள் அதுவே ஆட்டைக் கொண்டாந்து விட்டுட்டு, 'இந்தச் சம்பந்தமே வேணாம்மா'ன்னு ஓடிப் போச்சு."

குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தன.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார் பாட்ரிசியா.

"புத்தகமா?" என்று ஹப்டோம் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பாட்ரிசியா கதை நேரத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: கேட்ட இடம் வரைதான் சொல்ல வேண்டும், மீதி தெரிந்தவர் வந்தால் சொல்லட்டும், வராவிட்டால் அப்படியே விட வேண்டும். இர்யா ஒத்துக்கொண்டார். குழந்தைகள் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாலு குழந்தை ஒன்பதாயிற்று. பிலிப்பைன்ஸ் முதலை இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது.

ஹப்டோம் இப்போது காருக்குள் இருப்பதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உள்ளே வந்து, எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிறார். போன வாரம் இர்யா ஒரு பின்லாந்துக் கதை சொன்னார், நரியும் கரடியும் மீன் பிடிக்கப் போனது. நிறுத்தாமல் கடைசி வரை போனார். கடைசி கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது.

முடிந்ததும் ஹப்டோம் கையைத் தூக்கினார். "இது யாரு சொன்னது?"

"எங்க அம்மா. என் கட்டில்ல உக்காந்து."

"பஸ் இல்லையே?"

"இல்ல."

"அப்போ முழுசும் அவங்க சொன்னதுதான்?"

இர்யா விரலில் ஒட்டியிருந்த ரோஜா நிறச் சர்க்கரையை மெதுவாகத் துடைத்தார்.

"அவங்க முழுசாத்தான் சொல்லியிருப்பாங்க," என்றார். "நான் பாதியில தூங்கிடுவேன்."